இருநூறு வருஷத்துக் காப்பு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். என் வாழ்க்கையில் வந்த கெடுதல் எல்லாம் அதனால்தான் வந்தது. இன்டர்மீடியட்டில் இரண்டு தரம் கோட்டை விட்டுவிட்டு, சேலத்தில் ஒரு வக்கீல் வீட்டில் பத்திரங்களுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். வழக்கு விஷயமாக அங்கே வந்துபோகிற பண்ணைக்காரர் ஒருவர், ஒருநாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, அச்சுப் போட்ட மாதிரி இருக்கிறதே என்றார். மறுமாசம் நான் அவருடைய ஊரில் மியூசியம் காப்பாளன். அச்சு மாதிரி எழுதுகிறவன் பொய்யை எழுதினாலும் அது அச்சு மாதிரிதான் இருக்கும். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருந்ததோ என்னவோ, அவரைக் கேட்க முடியாது.

ஊர் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில். பெயர் வேண்டாம். ஊருக்குள்ளே ஒரு பழைய பாளையக்காரர் கட்டிய மதில். மதிலுக்குள் மூன்று கட்டடங்கள்: ஒரு கச்சேரி, ஒரு தானியக் களஞ்சியம், ஒரு குதிரை லாயம். பாளையக்காரர் போய், கும்பினி போய், தாசில்தாரும் வேறு கட்டடம் பார்த்துக்கொண்டு போன பிறகு அங்கே வௌவால்தான் தாசில் பண்ணிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் மதராஸ் போய் அங்கிருக்கிற மியூசியத்தைப் பார்த்து மயங்கி வந்தவர். சர்க்காரிடம் கேட்டு இந்த மூன்று கட்டடத்தையும் வாங்கி, ஊர்ப் பெரிய மனிதர்களை வைத்து ஒரு சங்கம் ஏற்படுத்தி, தாமே அதற்குத் தலைவரானார். ஊர்ச்சனம் மதராஸ்காரன் சொல்கிற மாதிரியே அதற்குச் செத்த காலேஜ் என்று பெயர் வைத்துவிட்டது.

அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் உங்களுக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம். ஆனால் நான் பார்த்தவரையில் அவர் யாரையும் கை ஓங்கியதில்லை. மாட்டிடம்கூட மெதுவாகத்தான் பேசுவார். அதற்கெல்லாம் அவருக்கு இரண்டு தம்பிகள் இருந்தார்கள். என்னைத் தினமும் சாப்பிட்டாயா என்று கேட்பார், சித்திரை வைகாசியில் பித்தளைத் தூக்கில் மோர் அனுப்புவார். பண்ணையாட்கள் அவரைப் பண்ணாடி என்பார்கள். நானும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டேன்.

மாசக்கணக்கில் வண்டி வண்டியாகச் சாமான் வந்தது. துருப்பிடித்த வாள், கால் ஒடிந்த பல்லக்கு, ஓலைச்சுவடி, மரக்கால், யாரோ ஒரு மாமியின் மஞ்சள் அரைக்கும் கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வைப்பது என் வேலை. இது எந்தக் காலத்தது என்று கேட்பேன். பண்ணாடி உத்தரத்தைப் பார்த்துவிட்டு ஒரு நூறு வருஷம் இருக்கும் என்பார். நான் நூற்றைம்பது என்று எழுதுவேன். அவருக்கும் அதில் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம், கல்லுக்கு என்ன வந்தது? சந்தை நாளில் காட்டுவேலைச் சனங்கள் செருப்பை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. சாமானைவிடச் சீட்டின்மேல்தான் அவர்களுக்குப் பயபக்தி. ஓமலூர்ப் பக்கத்துக் கிழவர் ஒருவர் வாளை விட்டுவிட்டு அதன் சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதை நான் வக்கீல் வீட்டுச் சினேகிதர்களிடம் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

கூட்டிப் பெருக்க ஒரு பெண்பிள்ளையைப் பண்ணாடியே அனுப்பிவைத்தார். பண்ணையில் வேலை பார்த்த குடும்பம். நாற்பது வயசு இருக்கும். ஒல்லி, நல்ல உயரம், வாய் திறந்து பேசவே மாட்டாள். கழுத்தில் மஞ்சள் கயிறு பளிச்சென்று புதுசாக இருக்கும். வருஷம் தவறாமல் ஆடிப் பதினெட்டுக்குக் கயிறு மாற்றிக்கொள்வாள். ஆனால் புருஷன் இல்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவன் பண்ணைக் கிணற்றில் எருது பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். எருது ஒன்று சறுக்கி விழுந்து செத்துப்போயிற்று. பண்ணைத் தம்பிமார்களுக்குப் பயந்து, தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி ஒருத்தனோடு பினாங்குக்கு ஓடிவிட்டான் என்று ஊர் சொன்னது. அப்போது அவள் கையில் ஒன்றரை வயசுப் பையன். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு நான்தானே கஞ்சி ஊற்றுகிறேன் என்று பண்ணாடி வருகிறவர்களிடம் சொல்வார், அவள் காதில் விழும்படியாகவே சொல்வார். கெட்ட எண்ணத்தில் அல்ல. தருமம் செய்கிறவர்கள் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது பெண் பார்த்திருந்தார்கள். இராசிபுரத்துப் பக்கம். பெண்ணுக்கும் பிடித்திருந்தது, பெண்ணைப் பெற்றவர்களுக்கும் பிடித்திருந்தது. ஒரே ஒரு சிக்கல். அவர்கள் ஜாதி வழக்கத்தில் வெற்றிலை மாற்றும்போது மாப்பிள்ளையின் அப்பன் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். அப்பன் செத்திருந்தால் பெரியப்பன் சித்தப்பன் நிற்கலாம். ஆனால் உயிரோடு இருக்கிறவன் இடத்தில் வேறு ஒருத்தன் நின்றால், இருக்கிறவனைக் கொன்ற பாவம். இருந்தால் கூட்டிக்கொண்டு வா, இல்லையென்றால் கருமாதியைப் பண்ணிவிட்டு வா என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஆவணிவரைக்கும் பொறுப்பார்களாம். கருமாதி பண்ண வேண்டுமானால் அவர்கள் தெருவுக்குத் தலைவரான கொத்துக்காரர் உத்தரவு கொடுக்க வேண்டும். ஆள் செத்ததற்கு ஒரு தடயம் இல்லாமல் அவர் எப்படிக் கொடுப்பார்? பண்ணாடியே பினாங்கில் இருக்கிறான் என்கிறாரே. இவ்வளவையும் அவள் ஒரு வருஷத்தில் சொன்ன பேச்சுகளை ஒட்டுப்போட்டு நான் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. செத்தவனைச் சாகடிக்க இத்தனை பாடா என்று அவளிடமே கேட்டேன். அவள் தரையைக் கூட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆனி மாசத்தில் அந்தக் கட்டை வந்தது.

பண்ணை மாட்டுக்கொட்டாயைப் பிரித்து ஓடு மாற்றினார்கள். அப்போது சுவரோரமாகச் சாணிக்கும் கூளத்துக்கும் அடியில் கிடந்ததை வண்டியில் ஏற்றி அனுப்பினார் பண்ணாடி. ஆள் நீளத்துக்கு மேலே இருக்கும். கனத்த வேலமரம், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஒரு பக்கம் கீல் வைத்தது. நடுவே வரிசையாக நாலு ஓட்டை. தொழுக்கட்டை. குற்றவாளியின் காலை ஓட்டையில் வைத்து மேல்கட்டையைச் சாத்திப் பூட்டிவிட்டால், மல்லாந்து கிடக்க வேண்டியதுதான். பாளையக்காரர் காலத்தில் கள்ளனுக்குப் போட்டது, எங்கள் தாத்தா காலத்தோடு அந்த வழக்கம் போய்விட்டது என்று பண்ணாடி சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த மாசம் சப் கலெக்டர் துரை வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. உடைந்த பல்லக்கையும் மஞ்சள் கல்லையும் காட்டி அவரிடம் என்ன மெச்சிக்கொள்வது என்று விழித்துக்கொண்டிருந்தவனுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. களஞ்சியத்தின் நடுவில் போடச் சொன்னேன். வேப்பெண்ணெயும் தேங்காய் நாரும் கொடுத்து அவளைத் துடைக்கச் சொல்லிவிட்டு, மேஜையில் உட்கார்ந்து சீட்டு எழுத ஆரம்பித்தேன்.

அடிப்பக்கம் செல்லரித்துப் பொந்தாக இருந்தது. பொந்துக்குள் இறுகிப்போன சாணியை அவள் ஒரு ஆணியால் குடைந்துகொண்டிருந்தாள். குடைகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு இரும்பு வளையம். முந்தானையால் அதைத் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கால் காப்பு. பெரிய ஆம்பிளைக் காலுக்கானது. ஒரு இடத்தில் அரத்தால் ராவி அறுத்து, விரித்துக் கழற்றியிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் அவள் என்னிடம் நிறையப் பேசினாள். அவள் புருஷனுக்கு முன்னால் அவன் தாய்க்குப் பிறந்த நாலும் தங்கவில்லை. இவன் பிறந்ததும் தாய்க்காரி ஏழு வீட்டில் பிச்சை கேட்டு இரும்பு வாங்கினாளாம்: ஒரு வீட்டில் ஒடிந்த அரிவாள், ஒரு வீட்டில் ஆணி, ஒரு வீட்டில் கொண்டி. அதை எல்லாம் கொல்லாசாரி ஒன்றாகக் காய்ச்சி அடித்துக் குழந்தையின் வலது காலில் காப்பாகப் பூட்டினார். பிச்சை இரும்பு காலில் இருக்கிறவனை எமன் இன்னார் பிள்ளை என்று அடையாளம் கண்டுகொள்ள மாட்டான் என்பது நம்பிக்கை. கால் பெருக்கப் பெருக்க அதே ஆசாரி காப்பைத் திறந்து கொஞ்சம் இரும்பு சேர்த்துப் பெரிசாக்கிக் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் ஒட்டுவாயில் செம்பால் ஒரு பொட்டு வைப்பார். அவள் காட்டினாள். வரிசையாக ஐந்து செம்புப் பொட்டு. கல்யாணத்தன்று காலைக் கழுவிவிட்டபோது எண்ணியிருக்கிறாளாம்.

"இது காலோட இருந்தா ஓட்டைக்குள்ள கால் போவாதுங்க சாமி. அதுக்குத்தான் அறுத்திருக்கறாங்க. அறுத்த பொறவு அவரு எப்படிங்க இருப்பாரு?" என்றாள்.

பினாங்குக்கு ஓடவில்லை, இந்தக் கட்டையில்தான் செத்தார் என்பதை அவள் அந்தக் காப்பை வைத்து முடிவு கட்டிவிட்டாள். இதைக் கொத்துக்காரரிடம் காட்டினால் போதும். காப்பையே உடம்பாக வைத்துக் காட்டில் அடக்கம் செய்து, பதினாறாம் நாள் கருமாதி முடித்து, கயிற்றை அறுத்துக்கொள்வாள். ஆவணியில் பையன் கல்யாணம். அவள் கேட்டது அந்த ஒரு துண்டு இரும்பு. வேறு ஒன்றும் இல்லை. நியாயம் கேட்கவில்லை, யார் மேலும் பழி சொல்லவில்லை.

கொடுத்திருக்கலாம். எத்தனை நாள் இதை நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். எழுந்து போ, எடுத்துக்கொண்டு போ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அறுத்த பிறகுகூட ஓடியிருக்கலாமே என்றேன். பெரிய வக்கீல் பாருங்கள். அப்புறம், மியூசியத்துக்குள் வந்த சாமானை வெளியே விடக்கூடாது, தலைவரைக் கேட்க வேண்டும் என்று சொல்லி அவள் மடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டேன். அவள் பிடுங்கிக்கொள்ளவில்லை. கேட்டுச் சொல்லுங்க சாமி என்றாள்.

பண்ணாடியிடம் போய்ச் சொன்னேன். ஒளித்திருக்கலாம், ஒளிக்கவில்லை. ஒரு பெரிய மனிதரின் ரகசியம் என் கையில் இருக்கிறது என்கிற கொழுப்பு கொஞ்சம், சோறு போய்விடுமோ என்கிற பயம் மிச்சம். அவர் காப்பை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு ஊஞ்சலில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். அவர் முன்னால் நான் உட்கார்ந்தது அன்று ஒருநாள்தான்.

"மூணு நாள் வெயில்ல கெடந்தானுங்க தம்பி. சாகோணும்னு யாரும் போடலை," என்றார். ஊஞ்சலைக் காலால் உந்திவிட்டு, "பினாங்குலயே இருக்கட்டும். அவனும் நல்லா இருப்பான், நாமளும் நல்லா இருப்போம்" என்றார்.

காப்பை என்ன செய்வது என்று கேட்டேன். கிணற்றில் போடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் என்னைவிடப் புத்திசாலி. கிணற்றில் போட்டால் அது காணாமல் போன காப்பு. கண்டவள் ஒருத்தி இருக்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அது வேறு யாரோ ஒருத்தனுடைய காப்பு. பாளையக்காரரின் சிப்பாய்கள் போட்டிருந்தது என்று எழுதி வைத்துவிடுங்கள், உங்கள் எழுத்தில் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். அன்றைக்கும் எனக்கு மோர் கொடுத்துத்தான் அனுப்பினார். குடித்தேன்.

சேலத்திலிருந்து கண்ணாடிப் பெட்டி வந்தது. மியூசியத்தில் பூட்டுப் போட்ட பெட்டி அது ஒன்றுதான். சிவப்புச் சகலாத்துத் துணி விரித்து, அறுத்த வாய் கீழே மறையும்படி காப்பை வைத்தேன். அந்த யோசனை பண்ணாடி சொன்னதல்ல, என்னுடையது. சீட்டை மூன்று தரம் எழுதினேன், எழுத்து அழகாக வரவேண்டும் என்று. "பாளையக்காரர் காலத்துச் சிப்பாய் அணிந்த கால் காப்பு. இருநூறு வருஷத்துக்கு முந்தியது." துரை வந்தார், பார்த்தார், தலையாட்டினார், ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு போனார். பண்ணாடியைக் கேட்டு வந்த பதில் என்று நான் அவளிடம் சொன்னேன்: இது உன் வீட்டுக்காரன் காப்பு அல்ல, இதே மாதிரி அந்தக் காலத்தில் நிறைய இருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பெட்டியின் மேலே இருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஆடி மாசம் ஒரு சந்தை நாள். கொத்துக்காரரையும் அந்தக் கொல்லாசாரியையும் கூட்டிக்கொண்டு அவளே வந்தாள். ஆசாரிக்கு எழுபது வயசுக்கு மேல். இவர் பார்த்தால் போதும், தன் கையால் அடித்த இரும்பை அறியாத கொல்லன் உண்டா என்கிற தைரியத்தில் இருந்தாள் அவள். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் மேஜையில் எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆசாரி குனிந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி பார்த்தார். உதடு அசைந்தது, பொட்டை எண்ணினார். எண்ணி முடித்து நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவருக்கும் வருஷத் தானியம் பண்ணையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவர் வாயைத் திறக்கத்தான் போனார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதற்குள் கொத்துக்காரர் என் பக்கம் திரும்பி, அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்றார்.

எழுந்து வந்தேன். குரலைச் செருமிக்கொண்டு படித்தேன். இருநூறு வருஷம் என்கிற இடத்தில் சற்று நிறுத்தி, அழுத்திப் படித்தேன்.

கொத்துக்காரர் நல்ல மனிதர். அந்தப் பெண்பிள்ளைக்கு எப்படியாவது ஒரு வழி பண்ண வேண்டும் என்றுதான் இரண்டு மைல் நடந்து வந்திருந்தார். அவர் ஆசாரியைப் பார்த்தார். ஆசாரி சீட்டைப் பார்த்தார். தன் கையால் வைத்த ஐந்து பொட்டும் அங்கே இருக்கிறது. அதற்கு மேலே அச்சுப் போட்ட மாதிரி ஏதோ இருக்கிறது. எனக்குக் கண் மங்கிவிட்டது, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் ஆசாரி. கொத்துக்காரர் அவளிடம் சொன்னதை மட்டும் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு துளி கள்ளம் கிடையாது.

"எழுதி வெச்சது பொய்யாவாது அம்மிணி. உன்ற ஊட்டுக்காரன் எங்கியோ நல்லாத்தான் இருக்கறான். நீ சந்தோசப்படோணும்."

அவள் அவரைக் கும்பிட்டாள். சந்தோஷப்படச் சொன்னால் கும்பிடத்தானே வேண்டும். ஆசாரி என்னைத் திரும்பிப் பார்க்காமலே வெளியே போனார். நான் உட்கார்ந்து ஒரு குத்துவிளக்குக்குச் சீட்டு எழுதினேன்.

இத்தோடு போயிருந்தால், ஒரு கல்யாணம் தட்டிப்போயிற்று, அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். நாலு நாள் கழித்து அந்தப் பையன் வந்தான். அதுவரைக்கும் நான் அவனிடம் பேசியதில்லை. அம்மாவின் உயரம். மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்றேன். வந்து பெட்டியைப் பார்த்தான். அவன் நினைவு தெரிந்து அப்பனுடையது என்று சொல்லப்பட்ட ஒரு சாமானைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அப்பன் செத்துவிட்டார் என்கிறாள் அம்மா, இருக்கிறார் என்கிறது ஊர். நீங்கள் படித்தவர்கள், நீங்கள் சொல்லுங்கள் என்றான்.

"நெசமாலுமே இது எங்கப்பன் காப்பு இல்லீங்களா?"

இல்லை என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஐயோ, அந்த முகத்தை நான் என்ன சொல்வேன். அவன் துக்கத்தோடு போவான் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்குத் தயாராக இருந்தேன். அவனுக்கோ அப்பன் இருக்கிறார் என்கிற செய்தி கிடைத்துவிட்டது, அதுவும் மியூசியத்தில் எழுதிவைத்து. பிறகு எல்லாம் மளமளவென்று கேட்டான். பினாங்குக்கு எப்படிப் போவது, எந்தத் துறைமுகம், கப்பல் எத்தனை நாள், அங்கே எத்தனை எஸ்டேட் இருக்கும். போய் அப்பனைத் தேடிக் கூட்டி வந்து, கிழக்கே பார்த்து நிற்கவைத்துக் கல்யாணம் பண்ணிக்கொள்வானாம். பெண் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாளாம். வேண்டாம், போகாதே, உன் அப்பன் இந்தக் களஞ்சியத்தின் நடுவில் கிடக்கிற கட்டையில் செத்தான் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, தனியாகத்தான் இருந்தோம், கேட்பதற்கு வௌவாலைத் தவிர யாரும் இல்லை. நான் ஒரு காகிதம் எடுத்து, நாகப்பட்டணத்துக்கு எந்த ரயில், எங்கே மாற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். படிக்கத் தெரியாதவனுக்கு அது எதற்கு? யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொள் என்றேன். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடித்து இடுப்பில் செருகினான்.

அவள் அவனைத் தடுத்துப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. நீ எங்கப்பனைச் சாகடிக்கப் பார்க்கிறாய் என்று சொன்னானாம். பதினெட்டு வயசுப் பிள்ளை, தாயைப் பார்த்து. இரண்டு மாசத்தில் ஒரு கங்காணி வந்தான், அவனோடு போய்விட்டான்.

கடுதாசி வந்தது. அங்கே யாரிடமோ சொல்லி எழுதி, மியூசியம் விலாசத்துக்கு அனுப்புவான். நான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். முதல் எஸ்டேட்டில் அப்பா இல்லை, அடுத்ததில் விசாரிக்கிறேன். சேலம் ஜில்லா ஆட்கள் நூறு பேர் இருக்கிற தோட்டம் ஒன்று இருக்கிறதாம், அங்கே போகப்போகிறேன். காலில் காப்புப் போட்ட ஒருவரைப் பார்த்ததாக ஒரு கிழவி சொன்னாள். அவள் நின்றுகொண்டு கேட்பாள். படித்து முடித்ததும் கடுதாசியை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். ஒரு தடவையாவது என் முகத்தில் காறித் துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதையும் அவள் செய்யவில்லை. இராசிபுரத்துப் பெண் மூன்று வருஷம் இருந்து பார்த்துவிட்டுத் தம்மம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அந்தச் செய்தியையும் நான்தான் பதிலில் எழுதினேன்.

அப்புறம் யுத்தம். ஜப்பான்காரன் மலேயாவுக்குள் வந்தான். கடுதாசி நின்றது. எஸ்டேட் ஆட்களை ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் ரயில் பாதை போடவிட்டார்கள், புழு மாதிரி செத்தார்கள் என்று யுத்தம் முடிந்த பிறகு திரும்பிவந்த ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். அவனைப் பார்த்தீர்களா என்று அவள் ஒவ்வொருத்தர் வீட்டு வாசலிலும் போய் நின்றாள். செத்ததைப் பார்த்தவரும் இல்லை, இருப்பதைப் பார்த்தவரும் இல்லை.

ஒருநாள் காலையில் வழக்கம்போல் களஞ்சியத்தைக் கூட்டிவிட்டு என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கழுத்தில் கயிறு அப்படியே இருந்தது. பையனுக்குக் கருமாதி பண்ணலாமா என்று கொத்துக்காரரைக் கேட்டாளாம். பழைய கொத்துக்காரர் இறந்துவிட்டார், இவர் அவர் மகன். மியூசியக்காரரைக் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறார். அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று நான் தேடினேன். இருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும்.

"என்ற பையன் இருக்கறானா இல்லியான்னு சொல்லிப்போடுங்க சாமி. அவங்கப்பனுக்குச் சொன்ன மாரியே எழுத்தைப் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

மேஜையில் ஏதோ ஒரு காகிதம் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறான் என்று சொன்னேன். சரிங்க என்று சொல்லிவிட்டு, அவள் விளக்குமாறை எடுத்துக்கொண்டு லாயத்துப் பக்கம் கூட்டப் போனாள்.